மூன்றாவது பாடமாக சைக்காலஜி: எடுக்கலாமா, வேண்டாமா?

எபேன்_அம்மா:

வணக்கம். மொரிஷியஸில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள், இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது இருந்தால் பதில் போடுங்கள், கொஞ்சம் அவசரம்.

நாங்கள் மதுரைப் பக்கம். அவருக்கு எபேனில் வேலை, வீடு கத்ர் போர்னில். மகள் கிரேடு 11, வருஷக் கடைசியில் எஸ்சி (ஸ்கூல் சர்டிபிகேட்) பரீட்சை எழுதப் போகிறாள். அடுத்து எச்எஸ்சிக்கு, அதாவது நம் ஊர் பிளஸ் டூ மாதிரியான படிப்புக்கு, என்னென்ன பாடம் என்று இப்போதே கேட்கிறார்கள். மூன்று பெரிய பாடம், சப்சிடரி என்று ஒரு சின்னப் பாடம், அதோடு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும் ஜெனரல் பேப்பர், இந்தக் கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. பயாலஜி, கெமிஸ்ட்ரி இரண்டிலும் எங்களுக்குள் சண்டை இல்லை. மூன்றாவதாக நான் மேத்ஸ் என்கிறேன், அவள் சைக்காலஜி என்கிறாள். அதுவும் இப்போது போகும் பள்ளியில் அந்தப் பாடமே கிடையாது, அதற்காகத் தனியார் பள்ளிக்கு மாற்ற வேண்டுமாம். அங்கே கட்டணம் எவ்வளவு என்று கேட்டதும் அவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

ஏன் இதுதான் வேண்டும் என்று கேட்டால் 'எனக்கு மனுஷங்களைப் புரிஞ்சுக்கணும்' என்கிறாள். சரி, நல்ல விஷயம்தான். ஆனால் ஃபோனில் ஒரு நிமிஷ வீடியோக்களாகப் பார்த்துவிட்டு, அப்பா கதவைப் பூட்டினோமா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தால் அது ஓசிடி, தம்பி ஓரிடத்தில் உட்காராவிட்டால் ஏடிஎச்டி, நான் சத்தம் போட்டால் எனக்குச் சின்ன வயசில் ஏதோ நடந்திருக்கிறது, இப்படி வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் டாக்டர் மாதிரி நோய்ப் பெயர் போட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ஊரிலிருந்து மாமியார் வேறு, அதையெல்லாம் படித்தால் படிக்கிற பிள்ளைக்கே மனசு கெட்டுப்போகும் என்று வாட்ஸப்பில் பேசி அனுப்புகிறார்.

நான் கேட்பது இவ்வளவுதான். பள்ளியில் உண்மையில் என்ன சொல்லித் தருகிறார்கள்? இதை எடுத்தால் பின்னால் மெடிக்கல் மாதிரி எதற்காவது போக முடியாமல் ஆகிவிடுமா? நாங்கள் இந்தியா திரும்பிவிட்டால் இது செல்லுமா? அப்புறம், பள்ளியையே மாற்றுகிற அளவுக்கு இதில் விஷயம் இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை:

மேத்ஸ். யோசிக்கவே வேண்டாம். சைக்காலஜியை டிகிரியில் அரிச்சுவடியிலிருந்து சொல்லித் தருவார்கள், மேத்ஸை அங்கே யாரும் திரும்பச் சொல்லித் தர மாட்டார்கள். பள்ளி மாற்றுகிற பணத்தை பேங்கில் போட்டு வையுங்கள்.

கிரேடு13_கிறுக்கி:

ஆன்ட்டி, நான் இதே தீவில் தனியார் பள்ளியில் ஏ லெவல், அதாவது எச்எஸ்சி அளவில் பெரிய பாடமாக, சைக்காலஜி படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் மகள் நினைப்பது மாதிரி இது இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் முகத்தைப் பார்த்தே ஒருத்தர் மனசைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தருவார்கள் என்று நம்பி வந்தவர்கள்தான், முதல் டெர்ம் முடிவதற்குள் சிலர் சோசியாலஜிக்குத் தாவிவிட்டார்கள். ஏனென்றால் இங்கே படிப்பது மனுஷர்களைப் பற்றி இல்லை, மனுஷர்களைப் பற்றி யாரோ செய்த ஆய்வுகளைப் பற்றி. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

கேம்பிரிட்ஜ் 9990 (அதுதான் இந்தப் பாடத்தின் எண்) என்று தேடினால் பாடத்திட்டம் முழுசாக இலவசமாகக் கிடைக்கும். முதல் வருஷம், அதாவது ஏஎஸ், 12 ஆய்வுகள். உயிரியல், அறிதல், கற்றல், சமூகம் என்று நான்கு பிரிவு, ஒவ்வொன்றிலும் மூன்று. எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், எங்கே எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எதை மாற்றிப் பார்த்தார்கள், எதை அளந்தார்கள், என்ன கிடைத்தது, எல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். சலிப்பாகத் தோன்றும், ஆனால் ஆய்வுகள் சுவாரஸ்யமானவை. ஆண்ட்ரேட் 2010ல் வெளியிட்ட ஒன்றில் 40 பேருக்கு, ஒரு பார்ட்டிக்கு யார் யார் வருகிறார்கள் என்று இரண்டரை நிமிஷம் ஒரே தொனியில் இழுக்கும் ஃபோன் பேச்சைப் போட்டுக் காட்டினார்கள். பாதிப் பேருக்கு மட்டும் காகிதத்தில் உள்ள வட்டம் சதுரங்களுக்குள் பென்சிலால் தீட்டிக்கொண்டே கேட்கும் வேலை. முடிந்ததும் கேட்டால் தீட்டியவர்கள் 29 சதவீதம் அதிகமாக நினைவு வைத்திருந்தார்கள். என் பெயருக்குக் காரணம் இதுதான். வகுப்பில் கிறுக்கினால் திட்டும் மேத்ஸ் மிஸ்ஸிடம் இந்த ஆய்வைக் காட்டினேன், வேலைக்கு ஆகவில்லை.

அப்புறம் நேபாளத்து யானைகள். காசநோய் இருக்கிறதா என்று பார்க்க யானை தும்பிக்கையில் தண்ணீரை வாங்கி, நிமிர்த்திப் பிடித்து, திரும்ப ஒரு வாளியில் ஊதிக் கொடுக்க வேண்டும். அதை அடிக்காமல், விசில் ஊதி வாழைப்பழத் துண்டு கொடுத்தே பழக்கினார்கள். மொத்தம் ஐந்து பெண் யானைகள். சின்ன வயசு யானைகள் நான்கும் கற்றுக்கொண்டன, வயசான ஒன்று முழுசாக முடிக்கவில்லை. (பழைய பாடத்திட்டத்தில் யானைக்குப் பதில் ஒரு கிளி இருந்தது, 2024 பரீட்சையிலிருந்து 12ல் ஐந்தை மாற்றிவிட்டார்கள். அதனால் யாராவது அண்ணன் அக்கா நோட்ஸ் கொடுத்தால் வருஷத்தைப் பார்த்து வாங்குங்கள்.)

பரீட்சையில் கதையைச் சொன்னால் மட்டும் மார்க் வராது. அந்த ஆய்வில் எங்கே ஓட்டை என்று சொல்ல வேண்டும். உதாரணத்துக்கு பண்டூரா, 1961, பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் தாங்களும் அப்படியே அடித்தார்கள். 72 பிள்ளைகள், எல்லோரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நர்சரியில் படித்தவர்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துக் கண்டுபிடித்ததை நம் தீவில் ஃப்ளாக் ஊரில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு அப்படியே பொருத்தலாமா? அடி வாங்குவதற்கென்றே செய்த பொம்மையை அடிப்பதும் தம்பியை அடிப்பதும் ஒன்றா? மில்கிராமின் ஆய்வில் 40 ஆண்களில் 26 பேர், பக்கத்து அறையில் இருப்பவருக்கு ஷாக் கொடுப்பதாக நம்பிக்கொண்டு 450 வோல்ட் வரை போனார்கள், உண்மையில் அவருக்கு ஷாக் எதுவும் போகவில்லை. அப்படி நம்ப வைத்து ஒருத்தரை வேர்க்க விறுவிறுக்க உட்கார வைப்பது நியாயமா, அப்படி ஏமாற்றாமல் அந்த விஷயம் தெரிய வந்திருக்குமா, இதைத்தான் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். ஒரு விஷயத்தைப் பாராட்டிய அதே மூச்சில் குறையும் சொல்லத் தெரிந்த பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் பிடித்துப்போகும்.

இரண்டாம் பேப்பர் முழுக்க ஆய்வு முறைகள்தான், அதில் ஒரு ஆய்வை நாமே திட்டம் போட்டு எழுதும் கேள்வியும் உண்டு. எங்கள் வகுப்பில் மார்க் போவது இதில்தான். இரண்டாவது வருஷம் கிளினிக்கல், கன்ஸ்யூமர், ஹெல்த், ஆர்கனைசேஷனல் என்று நான்கு பிரிவில் இரண்டு. மொத்தம் நான்கு பேப்பர், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், 60 மார்க். லேப் கிடையாது, ப்ராஜெக்ட் கிடையாது.

கணக்குப்பிள்ளை:

யானைக்கு மூக்குக் கழுவிவிட்டதைப் படிக்கவா அவ்வளவு கட்டணம்?

கிரேடு13_கிறுக்கி:

தும்பிக்கை, அங்கிள்.

சாக்பீஸ்:

சகோதரி, நான் இங்கே மேல் வகுப்புகளுக்குப் பயாலஜி எடுப்பவன். எங்கள் பள்ளியில் சைக்காலஜி இல்லை, ஆனாலும் எஸ்சி நெருங்கும்போது யாராவது ஒரு பிள்ளை வந்து இதே கேள்வியைக் கேட்கும். கணக்குப்பிள்ளை சொன்னதில் பாதி சரி, அந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மகளிடம் ஒன்று தெளிவாகக் கேளுங்கள். அவள் ஆக நினைப்பது மனநல மருத்துவரா, உளவியலாளரா? பெரியவர்களே இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள், பதினாறு வயசுப் பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. மனநல மருத்துவர் என்றால் முதலில் டாக்டருக்குப் படித்து, அதற்கு மேல் மனநலத்தில் சிறப்புப் படிப்பு, மருந்து எழுதித் தருபவர் அவர். அந்த வழிக்குக் கெமிஸ்ட்ரி வேண்டும், கூடவே பயாலஜியும் இருந்துவிட்டால் நல்லது, மூன்றாவது பாடம் எதுவாக இருந்தாலும் பெரும்பாலான இடங்களில் கேட்க மாட்டார்கள். ஆக உங்கள் மகளுடைய கூட்டில் அங்கெல்லாம் மெடிக்கலுக்கு வழி அப்படியே இருக்கிறது, ஆனால் இந்தியாவில் மெடிக்கல் என்றால் ஃபிசிக்ஸும் படித்திருக்க வேண்டும். உளவியலாளர் என்றால் உளவியலில் டிகிரி, அதற்கு மேல் மாஸ்டர்ஸ், அதற்கு மேல் பயிற்சி. வேடிக்கை என்னவென்றால் அந்த டிகிரிக்குச் சேர்க்கும்போது பள்ளியில் உளவியல் படித்திருக்க வேண்டும் என்று பொதுவாக யாரும் கேட்பதில்லை. ஒரு அறிவியல் பாடம் இருந்தால் சந்தோஷப்படுவார்கள், மகளிடம் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது.

மேத்ஸை விட்டால் நஷ்டம் எங்கே என்றால் இன்ஜினியரிங், எக்கனாமிக்ஸ், கம்ப்யூட்டர் பக்கம். அந்தப் பக்கம் ஒரு கண் இருந்தால்கூட மேத்ஸை விடாதீர்கள். இல்லையென்றால் மேத்ஸை சப்சிடரியாக வைத்துக்கொள்ளலாம், உளவியல் டிகிரியில் புள்ளியியல் நிறைய வரும், அப்போது கை கொடுக்கும். இதை எந்தப் பிள்ளையும் நம்புவதில்லை, மேத்ஸிலிருந்து தப்பிக்க சைக்காலஜிக்கு வந்தேன் என்று சொல்லிக்கொண்டு போன பழைய மாணவி ஒருத்தி முதல் வருஷமே புள்ளியியலுக்கு டியூஷன் தேடி எனக்கு ஃபோன் செய்தாள்.

பள்ளி மாற்றும் விஷயத்தில் நான் உங்கள் வீட்டுக்காரர் கட்சி. லேப் இல்லாத பாடம் என்று அந்தப் பெண்ணே சொல்லிவிட்டது. பள்ளியை மாற்றாமல் தனித்தேர்வராக எழுத முடியுமா என்று ரெடுயியில் பரீட்சைகளை நடத்தும் எம்இஎஸ் அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள், ஃபோனில் வேண்டாம். மகள் லோரியேட், அதாவது எச்எஸ்சியில் முன்னணியில் வந்து அரசாங்க ஸ்காலர்ஷிப் வாங்கும் ஓட்டத்தில் இருப்பவள் என்றால் இன்னொன்றும் கேளுங்கள், ஸ்காலர்ஷிப் பட்டியலைப் பாடப் பிரிவு வாரியாகப் போடுகிறார்கள், இந்த மூன்று பாடம் சேர்ந்தால் அவளை எந்தப் பிரிவில் வைப்பார்கள் என்று. பள்ளி மாறினால் அந்த ஸ்காலர்ஷிப்புக்கே தகுதி இருக்குமா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். முடிவு செய்த பிறகு இதைக் கேட்டு அழுத வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

மனசு, மூளை பற்றிய படிப்பு என்றாலே மாமியாருக்கு வரும் பயம் இங்கேயும் உண்டு, அதற்கு ஒரு செய்தி. போ பாஸான் மனநல ஆஸ்பத்திரிக்கு ப்ரவுன் செக்கார் என்று பெயர், வகுப்பில் யாராவது உளறினால் 'உன்னை அங்கே அனுப்ப வேண்டும்' என்று பிள்ளைகள் கேலி செய்யும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் ஒரு கை கூட உயராது. 1817ல் நம் போர்ட் லூயியில் பிறந்தவர். தண்டுவடத்தில் ஒரு பாதி மட்டும் அறுபட்டால் அடிபட்ட அதே பக்கம் அசைவு போகும், வலியும் சூடும் தெரியாமல் போவது எதிர்ப் பக்கத்தில் என்று காட்டியவர், உலகம் முழுக்க மருத்துவப் புத்தகங்களில் அந்த நிலைக்கு இன்றும் அவர் பெயர்தான். 1878ல் பாரிஸில் புகழ்பெற்ற உடலியல் அறிஞர் க்ளோட் பெர்னார் வகித்த பேராசிரியர் பதவிக்கு அடுத்து வந்தவர் இவர். நான் நரம்பு மண்டலம் பாடம் தொடங்குவதே இவரிலிருந்துதான், அன்றைக்கு ஒரு நாள் மட்டுமாவது கேலி நிற்கும்.

டர்பன்_கவுன்சிலர்:

அக்கா, நான் தென்னாப்பிரிக்காவிலிருந்து எழுதுகிறேன். கோயம்புத்தூரில் சிபிஎஸ்இ பிளஸ் டூவில் சைக்காலஜி படித்தேன், அப்பா வேலை மாற்றத்தில் டர்பன் வந்து டிகிரியெல்லாம் இங்கே. இப்போது சாட்ஸ்வொர்த் பக்கம் கவுன்சிலராக இருக்கிறேன், என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள்.

இந்தியா திரும்பினால் என்று கேட்டிருந்தீர்கள். எச்எஸ்சி முடித்துவிட்டுப் போனால் பிரச்சினை இல்லை, பிஏ, பிஎஸ்சி சைக்காலஜிக்கு எந்த குரூப்பிலிருந்தும் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். நடுவில் திரும்பினால்தான் தலைவலி. சிபிஎஸ்இயிலும் சைக்காலஜி இருக்கிறது, ஆனால் பாடம் வேறு மாதிரி. அங்கே தியரி 70, பிராக்டிகல் 30, ஒரு ஆளைப் பற்றிக் கேஸ் ப்ரொஃபைல் எழுத வேண்டும். ஆளுமை, புத்திக்கூர்மை, மன அழுத்தம், மனக்கோளாறுகள் என்று தலைப்பு தலைப்பாகப் போகும், தங்கை சொல்கிற மாதிரி ஆய்வை எடுத்து வைத்துப் பிரித்துப் பார்ப்பது அவ்வளவாகக் கிடையாது. எனக்கு அந்த கேஸ் ப்ரொஃபைல் பிடித்திருந்தது, ஆனால் யுனிவர்சிட்டி முதல் வருஷத்தில் ஒரு ஆய்வுக் கட்டுரையைக் கையில் கொடுத்துக் குறை சொல் என்றபோது கேம்பிரிட்ஜ் முறையில் படித்து வந்தவர்கள் என்னை விட நன்றாகச் செய்தார்கள்.

தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக்குக்கு (இங்கே அது 12ஆம் வகுப்பு) ஏழு பாடம், அதில் சைக்காலஜி என்று ஒன்று கிடையவே கிடையாது. லைஃப் ஓரியண்டேஷன் என்று எல்லோருக்கும் கட்டாயப் பாடம் ஒன்று உண்டு, மன அழுத்தம், உறவுகள், எந்த வேலைக்குப் போகலாம் என்றெல்லாம் வரும், பிள்ளைகள் அதைத் தூங்குகிற பீரியடாகத்தான் வைத்திருக்கிறார்கள். அப்படியும் இங்கே உளவியலாளர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆக பள்ளியில் படிக்காவிட்டால் வண்டி போய்விடும் என்று மகள் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது அதற்குப் பின்னால் இருக்கும் நீளத்துக்குத்தான். இங்கே மூன்று வருஷ டிகிரி, ஒரு வருஷ ஆனர்ஸ், பிறகு மாஸ்டர்ஸ், பிறகு ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், தொழிலுக்குப் பதிவு செய்ய போர்டு பரீட்சை, கிளினிக்கல் என்றால் அதற்கு மேல் ஒரு வருஷம் சமூக சேவை. மாஸ்டர்ஸுக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் எடுப்பது விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். நான் அதற்குப் போகவில்லை, நான்கு வருஷப் படிப்பும் 720 மணி நேரப் பயிற்சியும் முடித்து இங்கே மருத்துவத் துறையினரைப் பதிவு செய்யும் எச்பிசிஎஸ்ஏ அமைப்பில் கவுன்சிலராகப் பதிவு செய்துகொண்டேன். என் வேலைக்கு எல்லை உண்டு, அதைத் தாண்டினால் வேறொருவரிடம் அனுப்ப வேண்டும். 18 வயசில் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் இதையேதான் எடுத்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

பாடத்திட்டத்தை நானும் இறக்கிப் பார்த்தேன். அதில் பட்டனைக் கண்டாலே நடுங்கும் ஒன்பது வயசுப் பையன் ஒருவன் வருகிறான். பள்ளியில் ஒரு கிண்ணம் பட்டன் மேலே கொட்டியதிலிருந்து ஆரம்பித்தது, சட்டை போடவே முடியாமல் போய்விட்டது. பயத்தைச் சின்னதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு போவதும் அவனுக்குச் செய்த சிகிச்சையில் உண்டு. அப்படிப் படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் உடம்பைத் தளர்த்திக்கொள்ளப் பழக்கும் முறையை உருவாக்கியவர் ஜோசப் வோல்ப், 1915ல் ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்தவர், போர்க்காலத்தில் ராணுவ டாக்டராக இருந்து பயத்தில் உறைந்துபோன சிப்பாய்களைப் பார்த்தவர். சாக்பீஸ் ஐயாவுக்கு ஒரு ப்ரவுன் செக்கார் என்றால் எங்களுக்கும் ஒருவர் இருக்கிறார்!

இப்போது வீட்டு விஷயம். உங்கள் வீட்டுக்காரருக்கு ஓசிடி இல்லை, இரண்டு தடவை பூட்டைப் பார்ப்பது நோய் என்றால் எங்கள் தெருவே நோயாளிகள்தான். கிளினிக்கல் பிரிவில் ஐசிடி-11 என்ற உலக சுகாதார நிறுவன நோய்ப் பட்டியலின் அளவுகோல்களைப் படிப்பார்கள். அதன்படி அந்த எண்ணமும் செய்கையும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்கிற மாதிரி நேரத்தை விழுங்க வேண்டும், அல்லது ஆளைக் கடுமையாக வதைக்க வேண்டும், வேலை வெட்டியைக் கெடுக்க வேண்டும். ஒழுங்காகப் படித்தால் அவள் சீட்டு எழுதுவது குறையும், ரீல்ஸ் பார்த்துத்தான் அது கூடும். படித்தால் மனசு கெடாது என்று மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பாடத்தைப் பிடிவாதமாகக் கேட்கும் பிள்ளைகளில் சிலர் தங்களுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தாள் என்றீர்களே, தனக்கு என்ன எழுதிக்கொண்டாள் என்று கேட்டுப் பார்த்தீர்களா? விசாரணை மாதிரி வேண்டாம், காய் நறுக்கும்போதோ காரில் போகும்போதோ, முகத்தைப் பார்க்காமல் கேட்டால் இந்த வயசுப் பிள்ளைகள் கொஞ்சம் பேசுவார்கள். தூக்கம், சாப்பாடு, படிப்பு எல்லாம் சரியாக இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் பாடம் எடுப்பதெல்லாம் அப்புறம், முதலில் பள்ளியில் இருக்கும் உளவியலாளரையோ ஒரு டாக்டரையோ பாருங்கள். யாரோ கண் வைத்துவிட்டார்கள், செய்வினை என்று கோயில் கோயிலாக அலைந்து முடித்துவிட்டு, ஒரு வருஷம் கழித்து என்னிடம் வருபவர்கள்தான் இங்கே அதிகம்.

எபேன்_அம்மா:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. டர்பன் தங்கச்சி, நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் நேற்று ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். இன்று சாயங்காலம் ரோஸ் ஹில் மார்க்கெட்டுக்குப் போகும்போது காரில் கேட்டேன். பேசினாள். இங்கே எழுதுகிற மாதிரி இல்லை, ஆனால் பயப்படும்படியும் இல்லை, போன வருஷம் ஒரு தோழியோடு நடந்த விஷயம். அதை எனக்கு இதுவரை சொல்லவில்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

எம்இஎஸ்சுக்கு அவர் லீவு போட்டுப் போகிறேன் என்றிருக்கிறார். பாடத்திட்டத்தை அவள் படித்தாள், யானை பிடித்திருக்கிறது, ஆய்வு முறைகள் பக்கத்தைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மாறியது, இருந்தாலும் பின்வாங்கவில்லை. எனக்கு இன்னும் ஒரே ஒரு சந்தேகம். வீட்டில் தமிழ், தோழிகளோடு கிரியோல், வாசிப்பதெல்லாம் ஃப்ரெஞ்ச், இப்படி இருக்கிற பிள்ளை இவ்வளவு பக்கம் ஆங்கிலத்தில் எழுத முடியுமா? எஸ்சி ஆங்கிலத்தில் சுமார்தான்.

கணக்குப்பிள்ளை:

அப்போதும் மேத்ஸ்தான் என் ஓட்டு. மேத்ஸில் கட்டுரை கிடையாது.

கிரேடு13_கிறுக்கி:

ஆன்ட்டி, அந்தச் சந்தேகம் சரியானது. எங்கள் வகுப்பிலும் அதுதான் பிரச்சினை, எல்லோரும் கிரியோலில் பிரமாதமாக வாதம் செய்வோம், காகிதத்தில் வரும்போது மூன்று வரியில் முடிந்துவிடும். ஆனால் இலக்கிய ஆங்கிலம் தேவையில்லை, சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினால் போதும். ஒரு குறை சொன்னால் அந்த ஆய்வில் இருந்து ஒரு விவரம், அதனால் முடிவு எப்படிப் பாதிக்கப்படுகிறது என்று ஒரு வரி. நியூயார்க் சப்வேயில் ஒருத்தர் விழுகிற மாதிரி நடித்த ஆய்வு ஒன்று உண்டு, கைத்தடியோடு விழுந்தபோது 65ல் 62 தடவை தாங்களாகவே வந்து உதவினார்கள், குடித்தவர் மாதிரி விழுந்தபோது 38ல் 19 தடவைதான். அது ஆய்வு என்று ரயிலில் இருந்தவர்களுக்குத் தெரியாது, அதனால் நடிப்பில்லாமல் இயல்பாக நடந்துகொண்டார்கள், அதே காரணத்தால் அவர்களிடம் சம்மதம் வாங்கவும் இல்லை. இதை அவளை இன்றைக்கே அரைப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள், வந்துவிட்டால் ஏஎஸ் சமாளிப்பாள். ஜெனரல் பேப்பருக்கும் இதே பழக்கம்தான் வேண்டும், அதை எப்படியும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பள்ளியில் கேட்கப் போனால் மறக்காமல் கேட்க வேண்டியது, இரண்டாம் வருஷத்தில் எந்த இரண்டு பிரிவு எடுக்கிறார்கள் என்று. நாம் தேர்ந்தெடுக்க முடியாது, டீச்சர் எதை எடுக்கிறாரோ அதுதான். அவளுக்கு வேண்டியது கிளினிக்கல் என்று தெரிகிறது, சில இடங்களில் கன்ஸ்யூமரும் ஆர்கனைசேஷனலும் மட்டும் நடத்துகிறார்கள். கடையில் என்ன பாட்டுப் போட்டால் அதிகம் வாங்குவார்கள், ஹோட்டல் மெனுவில் எந்த அயிட்டத்தை எங்கே போடுவது, இதெல்லாம் வரும். எனக்கு அது பிடிக்கும், அவளுக்கு அழுகை வந்துவிடும். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.